எழுபத்திரண்டு நிமிட வானம்

சேராது. கம்ப்யூட்டரில் விளையாட்டைத் திறப்பதற்கு முன்பே அந்தச் சொல்லை அடித்து வைத்துவிட்டேன். கிளாட்வினின் பெயருக்கு நேரே, முடிவு என்ற கட்டத்தில், அது உட்கார்ந்திருக்கிறது. பதிவு செய்யும் பொத்தானை இன்னும் தட்டவில்லை, அவ்வளவுதான். மணி மூன்று இருபது, ஞாயிற்றுக்கிழமை, கீழே அப்பா டிவியை ஓடவிட்டுவிட்டுத் தூங்குகிறார், குறட்டைச் சத்தம் மாடிவரை வருகிறது. ஐந்து மணிக்குப் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் தட்டினால் போதும், அவனுடைய எட்டு மாத உழைப்பு யாருக்கும் தெரியாமல் போய்விடும். எட்டு மாதம் என்று அவன்தான் எழுதியிருக்கிறான், மெயிலில், மரியாதையாக, வணக்கம் என்று தொடங்கி நன்றி என்று முடித்து, பத்து வருடம் ஒரே தெருவில் என்னை ரெக்சி, ரெக்சி என்று கூப்பிட்டுக்கொண்டு அலைந்தவன் வணக்கம் என்று தொடங்குகிறான். அந்த விளையாட்டு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. பனிமலை, டிராகன், வாள், சூனியக்காரிகள். செய்த கம்பெனி அதை மறந்துவிட்டது, ஆடுகிறவர்கள் மறக்கவில்லை, அவரவர் வீட்டில் உட்கார்ந்து அதன்மேல் ஏற்றுவதற்குப் புதிது புதிதாக ஏதாவது செய்துபோட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதற்கு மோட் என்று பெயர். ஒருவர் வானிலை மோட் செய்வார், மேகம், மழை, காற்று, நிலா எல்லாம் அவர் பொறுப்பு. இன்னொருவர் ஒளி மோட் செய்வார், வெயில் எந்த நிறத்தில் விழ வேண்டும், விளக்கு எவ்வளவு தூரம் எட்ட வேண்டும் என்பது அவர் பொறுப்பு. கிளாட்வின் இப்போது அனுப்பியிருப்பது ஒளி மோட். இரண்டும் தொடுவது ஒரே வானத்தை என்பதால் சண்டை வரும். மழை கொட்டும்போது தரையில் உச்சிவெயில் நிழல் விழும், நடுப்பகலில் மலை கறுத்துவிடும். எதோடு எது சேரும், எதோடு எது சேராது என்று ஆறு வருடமாக நான் பட்டியல் வைத்திருக்கிறேன். ஆறு வருடத்தில் ஒரு பொய் வரி கிடையாது. அதனால்தான் ஒற்றைக்கண் ஆந்தை என்ற பெயரில் ஏதோ குளிர் நாட்டில் இருக்கிற ஒரு மனிதர், மாதக் கடைசி ஞாயிறு நம் நேரத்துக்கு ஐந்து மணிக்கு, என் பட்டியலை மறுபேச்சில்லாமல் எடுத்துத் தொகுப்பு போடுகிறார். தொகுப்பில் இருப்பதை ஒரே தட்டலில் ஆயிரக்கணக்கானவர்கள் இறக்கிக்கொள்வார்கள். தொகுப்பில் இல்லாததை யாரும் தேட மாட்டார்கள். இன்றைக்கு ஒரு பொய் வரி எழுதினால் என்ன. ஆறு வருடத்துக்கு ஒன்று. யாருக்குத் தெரியும்.

ஆனால் பார்க்காமல் எழுத முடியவில்லை. அதுதான் கோபம். விதியும் நான் போட்டதுதான்: விளையாட்டில் ஒரு முழு நாள், காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஆறு வரை, நேரத்தை ஓட்டாமல் நின்று பார்க்க வேண்டும். அங்கே ஒரு நாள் என்பது இங்கே எழுபத்திரண்டு நிமிடம். ஏரிக்கரை ஊரின் மரப்பாலத்தில் என் ஆளை வாள் இல்லாமல் நிறுத்திவைப்பேன், நானும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், வேறொன்றும் செய்யக் கூடாது. நேரத்தை ஓட்டுவதற்கு ஒரு வசதி இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் சண்டை நடப்பது வெளிச்சம் மாறுகிற அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான், ஓட்டினால் அது கண்ணுக்குத் தப்பிவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பல். பல் லேபில் பதினோரு வருடமாகக் கேப் செய்கிறேன், உடைந்த பல்லின்மேல் மாட்டுகிற உறை. டாக்டர் சீட்டில் ஏ-மூன்று என்று நிறம் எழுதி அனுப்புவார், டியூப்லைட்டுக்குக் கீழே ஏ-மூன்று பொருந்தும், வாசலுக்கு வந்தால் சாம்பல் அடிக்கும், கல்யாண மண்டபத்து மஞ்சள் விளக்கில் காவி ஏறும். அதனால் கேப்பை எடுத்துக்கொண்டு லேப் மாடிப்படிக்கும் ஜன்னலுக்குமாக அலைவேன். ஓனர் சிரிப்பார், ரெக்ஸலின், அது பல்லும்மா, வைரம் இல்ல. சிரிக்கட்டும். மூன்று இருபதுக்குத் தொடங்கினேன். விடியல் நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்ளப் பிடிக்கவில்லை. ஏரிமேல் பனிமூட்டம் கலையும்போது தண்ணீர் முதலில் வெளுத்து, பிறகுதான் கரை வெளுத்தது, அதை இதுவரை ஒருவரும் சரியாகச் செய்ததில்லை. இருக்கட்டும், விடியலை எல்லோரும் மெனக்கெட்டுச் செய்வார்கள், மழையில் மாட்டுவான் என்று காத்திருந்தேன், அங்கே பத்து மணிக்கு மேகம் ஏறியது, பாலத்துக் கைப்பிடி படபடவென்று மின்னியது, கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி. மாட்டிக்கொண்டாயா. வாய்விட்டுச் சொன்னேன். வயிற்றில் ஐஸ்தண்ணீர் இறங்கின மாதிரி அவ்வளவு சுகமாக இருந்தது. விரல் பொத்தான்மேல் இருந்தது. பொய்யே தேவையில்லை, உண்மையிலேயே சேரவில்லை, கண்ணால் பார்த்தாயிற்று. அப்போதுதான் நேற்றைய பரிசோதனையில் ஏற்றிய இன்னொரு ஒளி மோடின் கோப்பை எடுத்தோமா என்று நினைவு வந்தது. ஏன் வந்தது. வராமல் இருந்திருக்கலாம், அல்லது வந்தும் வராத மாதிரி இருந்திருக்கலாம், அதற்கு ஒரு நொடிதான் தேவை, அந்த நொடியும் எனக்குக் கிடைத்தது, நான்தான் விட்டுவிட்டேன். போய்ப் பார்த்தேன். கோப்பு இருந்தது. மின்னியது என் குப்பை, அவனுடையது இல்லை. அழித்துவிட்டு மறுபடி காலை ஆறிலிருந்து தொடங்கும்போது மணி மூன்று முப்பத்தாறு. நாலு நாற்பத்தெட்டுக்கு முடியும். பன்னிரண்டு நிமிடம் மிச்சம். மறுபடி அந்த நல்ல விடியலைப் பார்க்க வேண்டியிருந்தது.

அவனைப் பற்றி நினைக்கக் கூடாது, வெளிச்சத்தைப் பார், என்று சொல்லிக்கொண்டாலும் அந்த வெளிச்சமே அவன்தான். முதல் மோடை இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். வாடை என்று பெயர் வைத்தது நான். வானம் முழுக்க என் கை, மேகம் எழுபது வகை, இந்த மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்தேன், கோப்புகளை இணைப்பதும் தளத்தில் ஏற்றுவதும் அவன் வேலை. என்னிடம் நல்ல இணைப்பு இல்லை, அவன் கணக்கிலேயே ஏற்று என்று நானே சொன்னேன். நானே சொன்னேன் என்பதை எத்தனை தடவை நினைத்தாலும் மாற்ற முடியவில்லை. நிலாவை நான் படகு மாதிரி வரைந்தேன். வேறெப்படி வரைவது. மூன்றாம் பிறையைச் சிறு வயதிலிருந்து துறைமுகத்தில் நின்று பார்த்து வளர்ந்தவள், மேற்கே அது மல்லாந்துதான் கிடக்கும், இரண்டு முனையும் மேலே பார்த்து, தண்ணீரில் வைத்தால் மிதந்துபோகும் போல. மோட் வந்த வாரமே வெளிநாட்டுக்காரன் ஒருவன் எழுதினான், உங்கள் நிலா விழுந்து கிடக்கிறது, இது பிழை என்று. மறுநாள் பார்க்கிறேன், நிலா நிமிர்ந்து நிற்கிறது. என்னைக் கேட்கவில்லை. கேட்டதற்கு, "ஏளா, அவனுக ஊர்ல நிலா நட்டமாத்தான் நிக்குமாம்" என்றான். நம்ம ஊரில் படுத்துத்தானே கிடக்கிறது என்றேன். "வெளாட்டு என்ன தூத்துக்குடியிலயா நடக்கு?" என்றான். நியாயம்தான். பிறகு பெங்களூரில் ஒரு விளையாட்டுக் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்தது, வாடையைக் காட்டித்தான் கிடைத்தது, அதுகூடப் பரவாயில்லை, வேலை கிடைத்தால் நல்லதுதானே என்று அவன் வீட்டில் கொடுத்த கேக்கைத் தின்றேன். அதற்கடுத்த மாதம் தளத்தில் யாரோ கேட்டார்கள், இந்த வானத்தை நீங்கள் தனியாகவா செய்தீர்கள் என்று. அவன் பதில் எழுதியிருந்தான். ஆமாம், சோதித்துப் பார்க்க ஒரு தோழி உதவினார். உதவினார். கேப் செய்கிறவளுக்குப் பெயர் கிடையாது, அது எனக்குத் தெரியும், ஊரில் எத்தனையோ வாய்க்குள் என் கைவேலை இருக்கிறது, டாக்டர் போட்ட பல் என்றுதான் சொல்வார்கள், ஒருநாளும் அது உறுத்தியதில்லை. சீட்டில் இருக்கிற நிறத்தைச் செய்கிறேன், அது டாக்டர் கேட்டது. நிலாவை யாரும் கேட்கவில்லை. அது நான் பார்த்தது. அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை, தனியாகக் கொண்டல் என்று இன்னொரு வானிலை செய்து என் பெயரில் போட்டேன், நிலாவைத் திரும்பப் படுக்கவைத்தேன். நான்கு வருடமாக அதைப் பிழை என்று எழுதுகிறார்கள். நான்கு வருடமாக ஒரே பதில் எழுதுகிறேன், பிழை இல்லை. இன்று அவனுடைய ஒளியை ஏற்றிப் பார்ப்பது இந்தக் கொண்டலோடுதான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். மெர்சி அத்தை, கிளாட்வினின் அம்மா. இரண்டு வீடு தள்ளி இருக்கிறார்கள், அத்தை முறை ஒன்றும் கிடையாது, தெருவில் எல்லோருக்கும் அவர்கள் அத்தைதான். "ஏளா ரெக்சி, மேலயா கெடக்க? கீழ அப்பா கதவத் தெறந்து போட்டுட்டு ஒறங்குதாக." வாங்க அத்தை என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அங்கே மதியம் இரண்டு. அத்தை கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்கள். "என்னத்தப் பாக்குற? ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதே."

"மழை வரும் அத்தை."

"அதுக்கு வெளிய எட்டிப் பாரு, அங்கயுந்தான் இருட்டிக்கிட்டு வருது. கொடியில துணி கெடக்கு, அத எடுக்க ஆளக் காணோம், இங்க பொம்ம மழைக்குக் காவல்." சிரித்தார்கள். சிரித்தபோது மேல்வரிசையில் இடது முன்பல் தெரிந்தது. நான் செய்தது. மூன்று வருடத்துக்கு முந்தி, குளியலறையில் வழுக்கி விழுந்து உடைத்துக்கொண்டார்கள். டாக்டர் ஏ-இரண்டு எழுதியிருந்தார், நான் ஒருபடி இறக்கி ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் ஏற்றினேன், இவர்கள் காப்பி குடிக்கிற அளவு எனக்குத் தெரியும். இன்றுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அவனோடு பேச்சை நிறுத்திய பிறகுதான் அதைச் செய்தேன், நினைத்திருந்தால் கோணலாகச் செய்திருக்கலாம், ஜன்னலுக்கும் படிக்கும் பத்து தடவை நடந்தேன். அத்தை குரலைத் தணித்தார்கள். "அவன் காலையிலருந்து நாலு போன். ரெக்சி பாத்துட்டாளா, ரெக்சி பாத்துட்டாளான்னு. நீ மார்க்கு போட்டாத்தான் எடுப்பாகளாம்ல?"

"அப்படித்தான்."

"பாத்துப் போடுளா. டீச்சரம்மா மாதிரி கறாரா நிக்காத."

"பாக்குறதத்தான் அத்தை போட முடியும்."

"பின்ன, பாக்காததயா போடுவ? நானும் அதத்தாஞ் சொன்னேன். அவனே சொல்லிட்டான், எங்களுக்குள்ள என்ன மனஸ்தாபம் இருந்தாலும் ரெக்சி பொய் எழுத மாட்டா, அதனாலதான் அனுப்புனேன்னு." எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்கள்.

அந்த வார்த்தையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ரெக்சி பொய் எழுத மாட்டாள். என் வானத்தை எடுத்தான், இப்போது இதையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் அனுப்பியிருக்கிறான். என் ஒழுங்கு என்னுடையது, அதில் அவன் எப்படி ஏறி உட்காரலாம். அந்த நொடியில் பொய் எழுதுவதுதான் சரி என்று தோன்றியது, நேர்மையை அவனுக்குச் சேவகம் செய்ய விடுவதைவிட ஒரு தடவை அதைக் கெடுப்பது மேல், கெடுத்தால் என்னுடைய கையால் கெடும். சேராது. ஒரு காரணம் எழுத வேண்டும், காரணக் கட்டம் காலியாக இருந்தால் ஆந்தை கேட்பார். மழையில் மினுக்கம் என்று எழுதலாம். மினுக்கத்தைப் பார்க்கவும் செய்தேன். மூன்று முப்பத்திரண்டுக்குப் பார்த்தேன், அது பொய்யா. அந்தக் கோப்பு இருந்ததை யார் அறிவார். பெங்களூரில் அவன் விழுந்து விழுந்து சோதிப்பான், மினுக்கம் வராது, ஏன் என்று தெரியாமல் வருடக்கணக்கில் தேடுவான், தூக்கம் கெடும், பைத்தியம் பிடிக்கும். பிடிக்கட்டும். இல்லாத ஒன்றைத் தேடுவது எப்படி இருக்கும் என்று தெரியட்டும். நான் நான்கு வருடமாக வாடையின் பக்கத்தில் என் பெயரைத் தேடினேனே. மழை வந்தது, அங்கே நாலு மணிக்கு. மழைக்குள் வெளிச்சம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது, நிழலில்லாமல், ஈயப்பாத்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. கெட்ட பயல், நன்றாகச் செய்திருக்கிறான். மழை விட்டு அந்தி சாய்ந்தபோதும் மலை கறுக்கவில்லை. வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, வெளிச்சம் ஏரியில் சரியான தூரத்துக்குப் போய் நின்றது. ஒரு குறையும் கண்ணில் படாத எரிச்சலில் நிலாவுக்காகக் காத்திருந்தேன், ஏனென்றால் மிச்சமிருந்தது நிலா ஒன்றுதான். வெள்ளிக்கிழமையும் நேற்றும் அவனுடைய ஒளியை மற்ற இரண்டு பெரிய வானிலை மோட்களோடு பார்த்தபோது பிறைக்குப் பக்கத்தில் ஒரு வெளிச்சப் பிசிறு தனியாகத் தொங்கியது, நிலாவின் ஒளிவட்டம் நிலாவை விட்டுக் கழன்ற மாதிரி, அளவு தப்பிய கேப் ஈறை விட்டு விலகி நிற்குமே, அந்த மாதிரி. காரணம் தெரியவில்லை, என் கம்ப்யூட்டரின் கோளாறாகவும் இருக்கலாம், காரணம் தெரியாமல் முடிவு எழுதக் கூடாது என்பதும் என் விதிதான், கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன்.

நாலு பதினெட்டு. அங்கே இரவு எட்டு. மேகம் விலகி, மேற்கு மலைக்கு மேலே என் நிலா வந்தது. மல்லாந்து, படகாக. அதைச் சுற்றி அவனுடைய ஒளிவட்டம் ஏறியது. பிசிறு இல்லை. விலகல் இல்லை. பிறையின் வளைவுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது, ஒரு மயிரிழை இடைவெளி கிடையாது. முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒரு நிமிடம் முட்டாள்தனமாகக் கண்கூடக் கலங்கியது, அவன் எனக்காகச் செய்திருக்கிறான் என்று, வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன், நான்கு வருடம் கழித்து என் நிலாவை ஒத்துக்கொண்டு அதன் அளவுக்கு வெளிச்சம் வெட்டி அனுப்பியிருக்கிறான், இது ஒரு மன்னிப்பு, வாயால் சொல்லத் தெரியாதவன் இப்படிச் சொல்கிறான். மன்னித்துவிடக்கூட ஆரம்பித்தேன். பிறகு பழக்க தோஷத்தில் நிலாவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நான்கு மடங்கு, எட்டு மடங்கு. இடது முனையில் ஒரு கீறல். அது எனக்குத் தெரியும், கொண்டலின் நிலாவை வரையும்போது கரண்ட் போனது, கை உதறி, பேனா இடது முனையைத் தாண்டி ஓடியது, சின்னப் பள்ளம், ஒரு பல் ஓரத்தில் சில்லு போனால் இருக்குமே அவ்வளவுதான், திருத்தலாம் திருத்தலாம் என்று விட்டுவிட்டேன், சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. ஒளிவட்டத்திலும் அதே இடத்தில் அதே பள்ளம். மங்கலாக, பூசினாற்போல, ஆனால் அதே பள்ளம். ஒளிவட்டத்தை அவன் வரையவே இல்லை. என் நிலாவை எடுத்து, பெரிதாக்கி, மங்கலாக்கி, வெள்ளை ஏற்றி வைத்திருக்கிறான். லேபில் நாலு பேர் கேப் செய்கிறோம், தட்டில் கலந்து கொட்டினாலும் யாருடையது எது என்று சொல்வேன், கையின் தப்பு கையோடேயே வரும். விழுந்து கிடக்கிறது என்று நிமிர்த்தி வைத்தவன் இப்போது படுத்த நிலாவையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறான், இரண்டாவது தடவை, எட்டு மாத உழைப்பு என்று பெயரும் வைத்து. அதனால்தான் நிமிர்ந்து நிற்கிற மற்ற நிலாக்களின் பக்கத்தில் அது தனியாகத் தொங்குகிறது. கேள்விக்குறிக்குப் பதில் கிடைத்துவிட்டது. கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை, உள்ளே எல்லாம் குளிர்ந்துவிட்டது. அவசரப்படவில்லை. நாலு நாற்பத்தெட்டு வரை, அங்கே விடிகிறவரை, பாலத்தில் நின்று மீதி இரவையும் முழுசாகப் பார்த்தேன். வேறு குறை ஒன்றுமில்லை.

பிறகு சேராது என்று அடித்து வைத்திருந்ததை அழித்துவிட்டு எழுதினேன். பகல், மழை, அந்தி, வீட்டு விளக்கு: மிக நன்று. கொண்டலோடு சேரும். மற்ற வானிலைகளோடு சேராது. காரணம்: இந்த ஒளியில் உள்ள நிலாவின் ஒளிவட்டம் கொண்டலின் நிலாப் படத்திலிருந்து எடுக்கப்பட்டது, ஆகவே அந்த நிலாவுக்கு மட்டுமே பொருந்துகிறது. இரண்டிலும் இடது முனையில் உள்ள கீறலைப் பார்க்கவும். படம் இணைப்பு. இரண்டு நிலாவையும் எட்டு மடங்காக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். திட்டு ஒன்றும் இல்லை, அவன் பெயர்கூட அந்த வரியில் இல்லை. படித்துப் பார்த்தேன், ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. இந்த மாதத் தொகுப்பின் வானிலை வேறொருவருடையது, ஆகவே அவனுடைய ஒளி அதில் ஏறாது என்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். நாலு ஐம்பத்திரண்டுக்குத் தட்டினேன். நாலு ஐம்பத்தைந்துக்குப் போன் அடித்தது. வணக்கம் இல்லை.

"ஏளா, என்ன எழுதி வச்சிருக்க?"

"பாத்தத."

"அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துரு ரெக்சி. ஆபிஸ்ல எல்லாரும் பாப்பானுக. சும்மா ஒரு அளவுக்குத்தான் ஒன் படத்த வச்சேன், மாத்தணும்னு இருந்தேன், மறந்துட்டு."

"மாத்திட்டு அடுத்த மாசம் அனுப்பு. எழுபத்திரண்டு நிமிசம் உக்காந்து பாக்கேன்."

"அஞ்சு நிமிசந்தான் இருக்கு. சொல்லுதத கேளு. என் பக்கத்துல ஒன் பேரப் போட்டுருதேன். உதவி, ரெக்ஸலின்னு. பெருசாவே போடுதேன். நீ சோதிக்கத்தான செய்யணும், இதெல்லாம் எதுக்கு ஒனக்கு?"

"சோதித்துப் பார்க்க ஒரு தோழி உதவினார்னு நீதான எழுதுன," என்றேன். "உதவிட்டேம்ல."

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே நன்றாக இருட்டிவிட்டது, கொடியில் துணி அடித்துக்கொண்டது, முதல் சொட்டுகள் தகரத்தில் விழுந்தன, தெருவில் மெர்சி அத்தை, ரெக்சி, துணி, துணி என்று கத்தினார்கள். ஐந்து அடித்ததும் பட்டியலின் ஓரத்தில் பூட்டு விழுந்தது. அவன் இன்னும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. துணி நனையட்டும் என்று, அவனாக வைக்கிறவரை, காதோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதியில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கில்லை.